ரூபி அக்கா எழுதாத வரி

இத்தனை காலம் பேசாமல் இருந்தது போதும்.

டவுணுக்குப் போகும் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது ரூபி அக்கா இறந்த செய்தி வந்தது. அலுவலகக் குழுவில் இயக்குநர் அனுப்பியிருந்தார். கூப்பிய கைகளின் படம், கீழே இரங்கல் கூட்டத்தின் நேரம். அக்காவை அறிந்த நீங்கள் பலரும் கூட்டத்துக்கு வந்தீர்கள். அங்கே அக்கா சொன்னதாக நீங்கள் கேட்ட ஒரு வரி அக்காவுடையது அல்ல.

எங்கள் அறக்கட்டளை நகரின் சில பகுதிகளில் குழந்தைகளுக்குச் சத்துமாவு கொடுத்துவந்தது. பயன் உண்டா என்று பார்க்க அக்காவையும் என்னையும் அனுப்பினார்கள். "பிள்ளை சாப்பிடுதானா?" என்று நான் கேள்வித்தாளைப் பார்த்துக் கேட்பேன். எல்லாத் தாய்மாரும் "சாப்பிடுதான்" என்பார்கள். அக்கா கேட்கவே மாட்டார். பிள்ளைக்குப் பசிக்கும் நேரமாகப் போய் அடுக்களை வாசலில் உட்கார்ந்துவிடுவார். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

"தம்பி, விருந்தாளி கிட்ட கேட்டா சாப்பாடு நல்லாருக்குன்னுதான் சொல்லுவாவ. எலைய எடுக்கும்போதுல்லா தெரியும்" என்பார்.

மேலப்பாளையத்தில் ஒரு வீட்டில் முற்பகல் முழுக்க அப்படி உட்கார்ந்திருந்தோம். அந்தப் பெண் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளை அழுதான். கையைத் துடைத்துக்கொண்டு, பன்னைத் தேநீரில் நனைத்துக் கொடுத்தாள். மாவுப் பொட்டலம் பிரிக்காமல் பரணில் இருந்தது. அக்கா அதைப் பார்ப்பதைக் கண்டு அவளே சிரித்துவிட்டாள்.

"நல்ல மாவுதான் டீச்சர். அடுப்படியில நின்னு கிண்டணும்லா? அதுக்குள்ள ஒரு கட்டு சுத்திருவேன்."

டவுண் பகுதியில் வேறு கதை. கூட்டுக்குடும்பத்தில் கஞ்சி காய்ச்சினால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு. மெலிந்த குழந்தைக்கு இரண்டு கரண்டி மிஞ்சும்.

மாவில் குறையில்லை, கிண்டத்தான் கையில்லை என்பார் அக்கா. தெருவுக்கு ஓரிடத்தில் சமைத்தே கொடுக்க வேண்டும் என்று அறிக்கையில் எழுதினார். நன்கொடையாளர்கள் வரவிருந்த நேரம் அது. அச்சாகி வந்தபோது அந்த இடத்தில், "குழந்தைகள் மாவை விரும்பி உண்கின்றனர்" என்றிருந்தது. மேலே அக்காவின் பெயர்.

அவர் குரலை உயர்த்தவில்லை. இயக்குநரின் மேசை முன்னால் நின்று, "அந்த வரி என்னுது இல்ல சார். வரிய எடுங்க, இல்லன்னா என் பேர எடுங்க" என்றார்.

இரண்டையும் எடுக்கவில்லை. அக்காவைத்தான் வேலையிலிருந்து எடுத்தார்கள். அன்று ஏன் என்று கேட்காதவர்கள் யார் யார் என்பதை நான் மறக்கவில்லை. அவர்கள்தான் இரங்கல் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தார்கள். இயக்குநர் தழுதழுத்த குரலில் அதே வரியை அக்காவின் கண்டுபிடிப்பு என்று வாசித்தார். தலைகள் அசைந்தன. பிறகு தேநீர் வந்தது.

பீடி சுற்றிய அந்தப் பெண்ணின் வீட்டுக்கு இன்றும் அதே மாவுதான் போகிறது. நான் இப்போதும் கேள்வித்தாளோடுதான் போகிறேன். ஆனால் அதை எடுக்குமுன் அடுக்களை வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்கிறேன். அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியது அதுதான்.

நாளை இதை அலுவலகப் பலகையில் ஒட்டப்போகிறேன். எழுதியது யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் கீழே பெயர் போடவில்லை. ஒருவர் பெயர் கையில் கிடைத்தால் இவர்கள் அதை என்ன செய்வார்கள் என்று பார்த்துவிட்டேன்.