தங்கைக்கு விட்ட விளிம்பு

தொண்ணூறுகளில் என் வீட்டுக்காரர் துபாயில், சத்வா பகுதியில் தையல் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் எங்கள் குடித்தனம். மேல்மாடியில், சோமாலியாவில் சண்டை வந்து ஓடிவந்த ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். தாய்க்காரி என்னைவிட ஒரு முழம் உயரம். குரல் அதைவிட உயரம். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை இந்தியும் கால்வாசி அரபியும்தான். அதை வைத்துக்கொண்டே இரண்டு பேருடைய மாமியார்களையும் கிழி கிழி என்று கிழித்துவிடுவோம்.

அவர்கள் பக்கம் மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடே பெண்களின் கைவேலையாம். வளைத்த கம்புகளின் மேல் புல்லில் முடைந்த பாய்களைப் போர்த்தினால் வீடு, பிரித்து ஒட்டகத்தில் ஏற்றினால் மூட்டை. துபாயில் அந்தப் புல்லுக்கு எங்கே போவது? பெட்டிகளைக் கட்டி வரும் மஞ்சள் பிளாஸ்டிக் பட்டைகளைக் கடை கடையாகக் கேட்டு வாங்கி வந்து முடைந்தாள். நானும் சேர்த்து வைத்துக் கொடுப்பேன். மாப்பிள்ளையே இல்லை, அதற்குள் பாயா என்று கேலி செய்வேன்.

அவள் குடும்பத்தில் ஒரு வழக்கம். பாயைத் தொடங்கியவள் அதை முடிக்கக் கூடாது, உடன்பிறந்தவள்தான் வந்து விளிம்பு கட்ட வேண்டும். இவளுடைய ஒரே தங்கை கென்யாவில் அகதி முகாமில் கிடந்தாள். விசாவுக்குப் பொறுப்பேற்கும் அரபிக்காரரைக் கஃபீல் என்பார்கள்; இவள் ஏறி இறங்காத கஃபீல் வாசல் இல்லை. பாயின் ஒரு பக்கம் முழுக்க, முழ நீளத்துக்குப் பட்டை நுனிகளைத் தொங்க விட்டு வைத்திருந்தாள். “பெஹன் ஆயேகா,” என்பாள். தங்கச்சி வருவாள் என்கிறாளாம். அவள் இந்தியில் எல்லோரும் ஆம்பளை.

மகள் ஓவியம் படித்தவள். ஷார்ஜாவில் ஒரு கண்காட்சியில் அந்தப் பாயைச் சுவரில் மாட்ட ஆசைப்பட்டு, அம்மாவிடம் மன்றாடி வாங்கினாள். தொங்கவிட நாலு காது மட்டும் தைக்கச் சொல்லிக் கடையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

என் வீட்டுக்காரருக்குப் பிசிறைக் கண்டால் கை சும்மா இருக்காது. விருந்துக்குப் போன வீட்டில் மேசைவிரிப்பில் நூல் தொங்கினாலும் பல்லால் கடித்து எடுப்பார். காது தைத்த கையோடு, தொங்கிய நுனிகளையெல்லாம் ஒட்ட நறுக்கி, கறுப்புத் துணியில் பட்டி அடித்து, அதற்குக் கூலி கூட வாங்காமல் பொதிந்து கொடுத்துவிட்டார். அங்கே போய்ப் பிரித்துப் பார்த்த மகளுக்கு அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் தாய்க்காரியோடு நானும் போனேன். பாய்க்குப் பக்கத்தில் ‘கட்டி முடிக்காத வீடு’ என்று ஆங்கிலத்திலும் அரபியிலும் எழுதி ஒட்டியிருந்தார்கள். வந்தவர்கள் தலையைச் சாய்த்துப் பார்த்து ‘பியூட்டிஃபுல்’ என்றார்கள். அவள் அந்தக் கறுப்புப் பட்டியை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை விரலால் தடவினாள். “கலாஸ்,” என்றாள். முடிந்துபோயிற்று என்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். “என்ன மச்சான் செஞ்சு வச்சிருக்கீங்க?”

“பிசிறோடயா புள்ள குடுக்குறது? கடைப் பேரு என்னாவுறது?”

விஷயத்தைச் சொன்னதும் முகம் செத்துவிட்டது. கண்காட்சி முடிந்து பாய் வந்ததும் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பட்டி வந்துவிட்டது, வெட்டிய நுனி வருமா? விரல் கொள்ளாத மொட்டைகள்தான் மிச்சம். தாய்க்காரி திட்டவில்லை. தங்கைக்கு விரல் மெலிசு, இந்த நீளம் அவளுக்குப் போதும் என்று சொல்லிப் பாயைச் சுருட்டிக்கொண்டு மேலே போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்போம்.

சில மாதம் கழித்து, அந்த முகாமிலிருந்து வந்த ஓர் ஆள் தகவல் சொன்னான். தங்கை காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். கண்காட்சிக்கும் முன்னாலேயே. இவள் வாசல் வாசலாக ஏறி இறங்கியதில் பாதி, செத்தவளுக்காக.

அதற்கடுத்த வாரம் பாயோடு கடைக்கு வந்தாள். மெஷின் மேல் விரித்து, அந்த மொட்டை விளிம்பைக் காட்டினாள்.

“மாஸ்டர், பந்த் கரோ.” மூடிவிடச் சொல்கிறாள்.

என் வீட்டுக்காரர் கறுப்புத் துணியை எடுத்து வைத்தார். கால் மிதியில் இருந்தது, அழுத்தவில்லை. தைக்கச் சொல்லி அவளே அவர் தோளைத் தட்டினாள்.

“யல்லா.”

தைத்தார். பட்டி கோணல்மாணலாகப் போயிற்று. அவர் அதைப் பிரிக்கவில்லை.