உருட்டு மெஷினோடு பழகிய காது

கேமரன் மலையில், தேயிலைத் தொழிற்சாலையில் இலை உருட்டும் மெஷினோடு மாரடிக்கும் முப்பத்தாறு வயதுக்காரிக்கு டிஜே வேலை எதற்கு? எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இதைக் கேட்காத வாய் இல்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். இதற்கு யாரிடம் போய் உத்தரவு வாங்க வேண்டும்?

பிரிஞ்சாங் ஊரில் ஒரு ஹோட்டல் தன் ஆட்டக்கூடத்தை மூடியபோது, குப்பை லோரியில் ஏறவிருந்த, இசைத்தட்டு சுழற்றும் ஒரு டர்ன்டேபிளையும் ஒரு பெட்டி இசைத்தட்டுகளையும் கேட்டு வாங்கிவந்தேன். ஓடுகிற பாட்டின் தாளத்தோடு அடுத்த தட்டின் தாளத்தை இம்மி பிசகாமல் சேர்ப்பதுதான் இந்த வேலையின் அரிச்சுவடி. தட்டின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஓரத்தில் நகர்த்துகிற கட்டை ஒன்று உண்டு. பழக இரண்டு டர்ன்டேபிள் வேண்டும். என்னிடம் இருந்தது ஒன்று. அதற்காக விட்டுவிடுவேனா? எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் தொழிற்சாலை. காலை வேலை முடிந்து நான் வீடு வந்த பிறகும் பழைய உருட்டு மெஷின் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றுக்கு ஒரு முறை அதன் பெல்ட் 'தப்' என்று அடிக்கும். அந்தத் தப்பு ஒன்றுக்குப் பாட்டில் இரண்டு தாள அடி. அதையே என் இரண்டாவது டர்ன்டேபிளாக வைத்துக்கொண்டேன்.

தாளம் சேர்ந்துவிடும். அப்பாடா என்று கையை எடுப்பேன். நாலு நிமிஷத்தில் இரண்டு பேர் மரப்படியில் முன்னும் பின்னுமாக இறங்குவது போலத் தடதடக்கும். மாதக்கணக்கில் இதே கூத்து. செவிட்டுக் காதே என்று என்னையே திட்டிக்கொண்டேன், ஒரு நாள் அழக்கூடச் செய்தேன். பிறகு ஒரு காலை, வேலையில், மெஷினில் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும்போது உறைத்தது. இலை விழுந்ததும் மெஷின் திணறுகிறது, காலியானதும் வேகம் பிடிக்கிறது. தினமும் இலை கொட்டுகிறவள் நான், எனக்கே இது தெரியவில்லை! பிசகியது மெஷின், என் காது இல்லை. அன்றிலிருந்து கட்டையின் மேலிருந்து விரலை எடுப்பதே இல்லை. மெஷின் போகிற போக்கிலேயே தட்டையும் கூட்டிப் போகப் பழகினேன்.

போன வருஷம் தங்கைக்குக் கல்யாணம். அவளுக்கு இடது கால் கொஞ்சம் குட்டை. நடந்துகொண்டே இருந்தால் தெரியாது. நின்று மறுபடி அடியெடுத்து வைக்கும்போதுதான் சாய்வாள். எங்கள் பக்கத்துக் கல்யாண விருந்தில் உறுமி மேளம் ஜோடியை வாசலிலிருந்து பாதி மண்டபம்வரை கூட்டிவரும். அங்கே மேளம் நிற்கும், ஜோடியும் நிற்கும். கொஞ்ச நேரம் எல்லோரும் பெண்ணையே பார்ப்பார்கள். அப்புறம்தான் மேடைவரைக்கும் டிஜே பாட்டு.

"அந்த எடத்துல நான் நிக்கக்கூடாதுக்கா. மேளத்தோட பாட்டச் சேத்து வுடு," என்றாள் தங்கை.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "மூத்தவ நீ இன்னும் கல்யாணம் ஆவாம நிக்கிற. பொட்டியத் தட்டிக்கிட்டு வேற நின்னா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"நாலு பேருக்கும் காது இருக்குல்ல? கேட்டுட்டுப் பேசட்டும்."

ஈப்போவிலிருந்து வந்த டிஜே பையன் என் டர்ன்டேபிளைப் பார்த்துச் சிரித்தான். "உறுமிக்கு ஒரே ஸ்பீட் கிடையாதுலா அக்கா. என் கம்ப்யூட்டரே திணறும். நீங்க காதுலயா புடிக்கப் போறீங்க?"

"புடிச்சுக் காட்டுறேன். தள்ளி நில்லு தம்பி."

ஒரு காதில் ஹெட்போன், ஒரு காதில் மேளம். ஜோடி வாசலுக்கு வந்ததும் உறுமிக்காரர்களுக்கு உற்சாகம் தலைக்கேறி, வேகம் எகிறியது. "போச்சு!" என்று கட்டையைப் பிடிக்க வந்த பையன் கையில் பட்டென்று ஒன்று வைத்தேன். மெஷின் காலியாகிறது, அவ்வளவுதானே! விரலை மெல்லத் தள்ளினேன். மேளத்துக்கு அடியில் பாட்டை ஏற்றினேன். பாதி மண்டபத்தில் மேளம் நின்றது. பாட்டு அதே அடியில் போய்க்கொண்டிருந்தது. தங்கை நிற்கவே இல்லை. மாப்பிள்ளை கையைப் பிடித்தபடி நேரே நடந்து மேடையேறினாள்.

பையன் கையைத் தடவிக்கொண்டே வாய் பிளந்து நின்றான். நான் அவனைப் பார்க்கவில்லை. மேடை நாற்காலியில் உட்கார்ந்த தங்கை, எந்த விசேஷத்திலும் சேலைக்குள் இழுத்து மறைத்துக்கொள்ளும் அந்த இடது காலை முன்னால் நீட்டி, அத்தனை பேர் பார்க்கத் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.