நாவலுக்குள் போன பக்கத்து வீட்டுக்காரி

போன சனிக்கிழமை எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரே சிரிப்பு.

வட்டம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். சிட்னியின் பென்டில் ஹில்லில் ஒரு வீட்டு ஹால், ஐந்து பேர், ஒரு தட்டு பற்றீஸ். ஆறு வாரமாக ஒரு பழைய பிரெஞ்சு நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். பெயரைச் சொல்ல மாட்டேன். கதையைச் சொல்லிக் கெடுத்துவிட்டேன் என்று ஈமெயிலில் சண்டைக்கு வருவீர்கள்.

செல்வா அங்கிள் ரிட்டயரான என்ஜினியர். எந்தப் புத்தகத்தையும் பின்பக்கத்திலிருந்து தொடங்குபவர். நாவலின் கடைசியில் இருந்த குறிப்புகளைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தார். கதையில் வரும் ஆட்களெல்லாம் உண்மையில் யார் யார் என்று ஆராய்ச்சிக்காரர்கள் தேடிப் பிடித்து வைத்திருக்கிறார்களாம். கஞ்சக் கிழவர் – எழுத்தாளரின் சொந்த மாமா. ஊரை ஏமாற்றும் வக்கீல் – கூடப் படித்தவர். கதாநாயகி? பக்கத்து வீட்டுக்காரி!

“அவ நம்பித் தன்ர கதையைச் சொல்லியிருக்கிறா. அந்தாள் அப்பிடியே எழுதிப்போட்டார். புத்தகம் வந்தாப்பிறகு சாகுமட்டும் அவ அவரோட கதைக்கேல்லையாம்” என்றார் அங்கிள்.

“பிரெஞ்சுக்காரரும் எங்களைப் போலத்தான். எந்த ஊர், ஆரின்ர மகள் எண்டு தேடாம விடமாட்டினம்” என்று ஒருவர் சொல்ல, இன்னும் சிரிப்பு.

நான் மட்டும் கடித்த பற்றீஸைத் தட்டில் வைத்துவிட்டேன். நானும் ஒருத்தியின் கதையை எழுதியவள்தான். இதே பத்திரிகையில், இதே பக்கத்தில்… மூன்று வருடத்துக்கு முன்பு, 2010இல்.

அவளை வதனி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வருடம் ஒரே ரயிலில் வேலைக்குப் போனோம். பென்டில் ஹில்லில் தொடங்கினால் சென்ட்ரல் வரை வாய் ஓயாது. ஒரு நாள் சிக்னல் கோளாறு. பரமட்டா தாண்டி ரயில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டது. அன்றைக்குத்தான் அவள் பாரிஸ் கதையைச் சொன்னாள்.

சிட்னிக்கு வருமுன் பதினான்கு மாதம் பாரிஸில் அக்கா வீட்டில் இருந்தவள். பிரெஞ்சு வகுப்பில் ஒருவர். உணவகத்தில் தட்டுக் கழுவுகிறவர், எங்கள் ஆள்தான். வகுப்பு முடிந்து இருவரும் ஒரே மெற்றோவில் வருவார்கள். அவள் இறங்குவது லாச்சப்பலில். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் தமிழ்க் கடை, தமிழ்க் கண்கள். அவளைப் பற்றி ஊர்ப்பேச்சு வந்துவிடக் கூடாதே என்று அவர் ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கி, மிச்சத் தூரம் நடந்து போவாராம். பனியிலும் மழையிலும். கையைக்கூடத் தொட்டதில்லை.

பிறகு அவளுக்குச் சிட்னி மாப்பிள்ளை சரிவந்தது. கடைசி வகுப்பு நாள். அவர் வழக்கமான ஸ்டேஷனில் இறங்கவில்லை. லாச்சப்பலில் அவளோடு இறங்கி, அத்தனை கடைக்கும் முன்னால் அவளோடு நடந்து, அக்கா வீட்டு வாசலில் “போட்டு வாங்கோ” என்று விடை கொடுத்தாராம். அவ்வளவுதான்.

சொல்லுங்கள், பத்தி எழுதுகிற யாராவது இதை விடுவார்களா?

நானும் கவனமாகத்தான் இருந்தேன். பெயரை மாற்றினேன். பாரிஸை லண்டன் ஆக்கினேன். தட்டுக் கழுவியவரைப் பெற்றோல் ஸ்டேஷனில் வேலை பார்க்க விட்டேன். ஆனால் அவள் பிறந்த ஊரை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். ஊர் சொல்லாமல் ஒரு ஆளை அறிமுகப்படுத்த எங்களுக்கு எங்கே வரும்? வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடையில் ஒருத்தி அவளைக் கேட்டிருக்கிறாள்: “அன்ரி, அது நீங்கள்தானே?”

திங்கள் காலை வதனி வேறு பெட்டியில் ஏறினாள். நான் தேடிப் போனேன். எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டாள். சில மாதத்தில் கணவருக்கு மெல்பேர்னில் வேலை கிடைத்து, அங்கே மல்கிரேவ் பக்கம் குடிபோய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன். எல்லோர் காதிலும் ஹெட்ஃபோன். பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் இன்றைக்கும் கைப்பையை வைத்து இடம் பிடிக்கிறேன். யாருக்கு என்று கேட்காதீர்கள். அவள் இல்லாத ரயில் எனக்குப் பிடிக்கவே இல்லை.

‘சாகுமட்டும் கதைக்கேல்லை’ என்ற அங்கிளின் பேச்சு இரண்டு நாள் என்னை உலுப்பி எடுத்தது. திங்கட்கிழமை வதனிக்குப் போன் எடுத்தேன்.

“நான்தான்” என்றேன்.

“ஓம், சொல்லு.”

“ஊரை எழுதினது என்ர பிழை, வதனி. உன்ர அவருக்குத் தெரியவந்து…”

“அவருக்குக் கலியாணத்துக்கு முதலே சொல்லிப்போட்டன். கடையில கேட்டவையும் ரெண்டு கிழமையில விட்டிட்டினம்.”

“அப்ப ஏனடி மூண்டு வருசமாக் கதைக்கேல்லை?”

“உன்ர கடைசி வரி.”

எனக்கு உடனே ஞாபகம் வரவில்லை. அவளே ஒரு சொல் பிசகாமல் சொன்னாள்: ‘இன்று கணவன், பிள்ளைகள் என்று, பழையதெல்லாம் மறந்து நிம்மதியாக இருக்கிறாள்.’ பத்திக்கு நல்ல முடிவு வேண்டுமே என்று நானாகப் போட்ட வரி அது.

“மறந்திட்டன் எண்டு நான் எப்பயடி சொன்னனான்?” என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “இவர் நல்ல மனுசன். நான் சந்தோசமாத்தான் இருக்கிறன். ஆனா எந்த ரயில் நிண்டாலும் இறங்கிற ஆக்களைப் பார்ப்பன். இப்பவும் பார்க்கிறன். உனக்கு மட்டும்தான் சொன்னனான்… நீ ஒரு வரியில முடிச்சுப்போட்டாய்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் போனை வைக்கவில்லை.

“இதையும் எழுதப்போறாய், என்ன?”

“எழுதட்டா?”

“எழுது. இந்தமுறை சரியா எழுது.”

பத்திரிகையில் பிழை வந்தால் எங்கேயாவது மூலையில் சின்ன எழுத்தில் திருத்தம் போடுவார்கள். நான் இங்கேயே போட்டுவிடுகிறேன்.

திருத்தம்: அவள் மறக்கவில்லை.