காலியாக விட்ட கட்டங்கள்

தேவராஜ் அண்ணன் காலமான செய்தியை அவர் மகள் மேரிதான் போனில் சொன்னாள். “அப்பா போய்ட்டாரு சார். போன வாரம் கூட உங்களுக்கு போன் போட்டுக்கினே இருந்தாரு. நீங்க எடுக்கல.” எடுக்கவில்லைதான். ஏன் என்று இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

திருவாலங்காட்டுப் பக்கம் கொசஸ்தலை ஆற்றில் நட்டிருந்த அளவுகோலைப் பார்த்து, தினமும் நீர்மட்டம் எழுதுவது அவர் வேலை. ஆறு வறண்டு கிடந்தாலும் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சைபர் போடுவார். போக முடியாத நாளில் கட்டத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் காரணம் எழுதுவார். ‘வெள்ளம், வழி இல்லை.’ ‘சம்சாரத்துக்கு ஆபரேஷன்.’

“உத்தேசமா ஒரு நம்பர் போடுங்கண்ணே, யாரு பாக்கப்போறா?” என்று, அந்தப் பதிவேடுகளை அலுவலகத்தில் சரிபார்க்கும் நானே ஒருமுறை சொன்னேன்.

“பாக்காதத எப்டி சார் எழுதறது? தண்ணி இல்லன்னா சைபர். நான் போவலன்னா காலி. ரெண்டும் ஒண்ணா?” என்றார். படித்த எனக்குச் சுருக்கென்றது.

பிறகு, நூற்றுக்கணக்கான ஆறுகளின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளுக்கு மழையளவையும் நீரோட்டத்தையும் ஒரே தரவுத்தொகுப்பாக்கி ஆய்வாளர்களுக்குத் தரும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. விடுபட்ட நாட்கள் அதிகமுள்ள அளவீட்டு நிலையங்களை நீக்கும் விதியை எழுதியவன் நான். அண்ணனின் நிலையம் நீங்கியது. ஒரு நாள்கூட விடுபடாத வேறொரு நிலையம் உள்ளே போனது. அதன் பதிவேட்டை நான் பார்த்திருந்தேன். மாதம் முழுவதையும் ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதிய கை, புயலன்றும் அதே மட்டம். தெரிந்தேதான் சேர்த்தேன். குறித்த நாளில் முடிக்க வேண்டுமே!

தொகுப்பில் இல்லாத நிலையம் எதற்கு என்று அவருடையதை மூடினார்கள். அவர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வாட்ச்மேனாகப் போனார். அங்கிருந்தும் கேட்பார். “சார், நம்ம ஆறு லிஸ்ட்ல வந்துகீதா? இன்னா சொல்றாங்க?”

“பரிசீலனைல இருக்குண்ணே.”

“மெதுவா பண்ணட்டும் சார். சரியா பண்ணா போதும்.”

அதன் பிறகுதான் போனை எடுப்பதை நிறுத்தினேன். சீ, நானும் ஒரு மனுஷன்!

அடக்கத்தன்று மேரியும், ஆறு லிஸ்டில் இருக்கிறதா என்றே கேட்டாள். இல்லை என்றேன். காரணத்தையும் மறைக்காமல் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் ஒப்படைத்த கடைசிப் பதிவேடு என் மேசையில் இருக்கிறது. நிலையம் மூடிய மறுநாள் தேதியில் அவர் கையெழுத்து: ‘வேலை இல்லை. ஆனாலும் போனேன். இரண்டடி.’

அந்த இரண்டடி எந்தத் தொகுப்பிலும் இல்லை. என்னிடம் மட்டும் இருக்கிறது.