பதினொன்றேகாலில் நின்ற தூளி

அடுத்தவர் எழுதிய மென்பொருளில் குறை கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம். வீட்டிலும் அந்தப் புத்தி போகவில்லை என்பது என் கணவரின் நிரந்தரப் புகார். அதனால் குழந்தையைக் கண்காணிக்க வீடியோ மானிட்டர் ஒன்றை வரவழைத்தபோது, ஏழு நாள் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்துக்கொள்வதா திருப்பி அனுப்புவதா என்று சொல்வேன் என்றேன். லேப்டாப்பில் அதற்கென்று ஒரு பட்டியலும் போட்டேன்.

ஆசைக்கு வாங்கியதல்ல அது, பயத்தில் வாங்கியது. மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். இரண்டு மாதக் குழந்தையாக இருந்தபோது ஒரு மதியம் பால் புரையேறி, உதடு நீலம் பாரித்து, சத்தமே இல்லாமல் என் மடியில் துவண்டுபோனாள். குப்புறப் போட்டு முதுகில் தட்டித் தட்டித்தான் மூச்சு திரும்பியது. அன்றிலிருந்து அழுகிற குழந்தையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. சத்தம் போடாத குழந்தைதான் என் ஈரக்குலையை நடுங்க வைக்கும்.

அவளுக்கு ஆறு மாதம் ஆனபோது என் விடுப்பு முடிந்தது. முதல் மாதம் வீட்டிலிருந்தே வேலை, அதன் பிறகு அலுவலகம். கணவருக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், மாலை வரை அவரைப் பிடிக்க முடியாது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் திருவேற்காட்டிலிருந்து ஒரு அக்கா எங்கள் அயனம்பாக்கம் வீட்டுக்கு ஷேர் ஆட்டோ பிடித்து வருவார். மூன்று பிள்ளை வளர்த்தவர், கைப்பக்குவம் தெரிந்தவர். புரையேறினால் என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர் எனக்குக் காட்டியதை நான் அவருக்குக் காட்டியிருந்தேன். அப்படியும் என் மனசு அடங்கவில்லை.

ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் கேமராவை வைத்தேன். உள்ளங்கை அகலத் திரை என் அறை மேஜையில். வெளிச்சம், இருட்டு, தூரம், எல்லாவற்றிலும் தேறியது. தகராறு தூளியில் ஆரம்பித்தது. பெட்டியின் மேல் இருந்த படத்தில் கம்பி வைத்த கட்டிலில் ஒரு குழந்தை சமர்த்தாக மல்லாந்து கிடந்தது. எங்கள் வீட்டு மகாராணியைக் கட்டிலில் போட்டால் ஊரைக் கூட்டுவாள். உத்தரக் கொக்கியில் ஸ்பிரிங் மாட்டி, என் பழைய பருத்திப் புடவையில் கட்டிய தூளியில்தான் தூக்கம். கேமராவுக்குத் தெரிந்தது புடவையின் வயிறு மட்டும். தூளி ஆடும்போதெல்லாம் குழந்தை அசைகிறது என்று அது கீச்சுக் கீச்சென்று கத்தியது. மீட்டிங்கில் மேனேஜர், “உங்க வீட்ல ஏதோ அலாரம் அடிக்குதே” என்றார். அந்தச் சத்தத்தை மட்டும் தனியாக நிறுத்த வழியில்லை. எல்லா எச்சரிக்கைகளுக்கும் சேர்த்து ஒரே பொத்தான். அமுக்கிவிட்டேன். வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் வறுத்தெடுத்திருப்பேன்.

அக்காவிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. பாப்பா சிரித்தால் கதவைத் தட்டுவார், தும்மினால் தட்டுவார். ஐந்தாம் நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“அக்கா, மீட்டிங் நேரத்துல தயவுசெஞ்சு கதவைத் தட்டாதீங்க. நான் கேமராவுல பாத்துக்கிட்டேதான் இருப்பேன். அவசரம்னா அதுக்கு முன்னாடி வந்து கையாட்டுங்க, ஓடி வந்துடறேன்.”

“அதுல நான் தெரிவேனா மா?”

“உங்க மூக்குத்திகூடத் தெரியும்.”

அவர் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்.

ஆறாம் நாள் பதினொரு மணிக்கு மீட்டிங். கதவைச் சாத்திக்கொண்டு, வெளிச்சத்தம் எதுவும் கேட்காத ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன். திரையில் தூளி, அதைப் பிடித்த அக்காவின் கை, பின்னால் சுவர்க் கடிகாரம். ரயிலில் சீட்டுக்கு அடியில் வைத்த பை இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி நிமிஷத்துக்கு ஒரு தடவை கண் அங்கே போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் எல்லாம் அமைதியாகவே இருந்தது. என் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஆறு மாதத்தில் முதல் முறையாக என் தோள் தளர்ந்தது. நிம்மதியாக இருந்தேன், அதை மறைப்பானேன்.

அடுத்து பால் கொடுக்கும் நேரம் என்ன என்று பார்க்கத் திரையிலிருந்த கடிகாரத்தைக் கவனித்தேன். பதினொன்றேகால். லேப்டாப்பில் பதினொன்று முப்பத்திநான்கு. கடிகாரத்தில் பேட்டரி போய்விட்டது போல என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு தூளியைப் பார்த்தேன். அது இடப்பக்கம் சாய்ந்திருந்தது. திரும்பி வரவே இல்லை, சாய்ந்தபடியே நின்றது.

பாய்ந்து எழுந்தேன். ஹெட்செட் வயர் லேப்டாப்பை இழுத்துத் தள்ளியது. கதவுத் தாழ்ப்பாள் கைக்கு அகப்பட மறுத்தது. எட்டடி தூரம்தான் அந்த ஹால்.

தூளி காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் கக்கிய பால். டிவிக்கு எதிரே அக்கா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் தோளில் என் மகள் ஈனஸ்வரத்தில் அழுதுகொண்டிருந்தாள். உதட்டைப் பார்த்தேன், சிவப்பாகத்தான் இருந்தது. அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“ஒண்ணியும் இல்லமா, இப்ப நல்லா கீது. தூளிலயே கக்கிகினு பொரை ஏறிடுச்சு. நீ சொன்ன மாரியே குப்புறப் போட்டுத் தட்னேன்.”

கேமராவின் விளக்கு அணைந்திருந்தது. கரண்ட் போயிருந்தது. எங்கள் வீட்டு இன்வெர்ட்டரில் ஃபேன், விளக்கு, இன்டர்நெட் மட்டும்தான். டிவிப் பக்கத்து பிளக்குக்கு அந்த இணைப்பு கிடையாது. கேமரா செத்ததும், தன் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த திரை கடைசிப் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. தொடர்பு அறுந்ததென்று கத்தியிருக்க வேண்டிய வாயை நானே அடைத்து வைத்திருந்தேன்.

அப்போதும் என் நாக்கு அடங்கவில்லை. “ஏங்க்கா என்னைக் கூப்பிடல?” என்று கத்தினேன்.

“கேமராக்கு முன்னாடி வந்து நின்னேனே மா. ரெண்டு கைலயும் புள்ள கீது, கையாட்ட முடியல. தூக்கிக் காட்னேன். அம்மா வா, அம்மா வான்னு கூப்டேன்.” குழந்தையின் முதுகைத் தடவினார். “நீ பாத்துகினுதான் கீறேன்னு நெனச்சேன். மீட்டிங்க வுட்டு எழுந்து வர முடியாது போலக்கீதுன்னு...”

“கரண்ட் போயிடுச்சுக்கா. நான் பாக்கல. எனக்குத் தெரியாது.”

தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குப் போதவில்லை. உள்ளே ஓடித் திரையை எடுத்துவந்தேன், சாய்ந்து நின்ற அந்தத் தூளியை அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்று. அவர் பக்கத்தில் உட்கார்ந்து நீட்டும்போது கரண்ட் வந்துவிட்டது. ஃப்ரிட்ஜ் உறுமியது, கேமராவின் விளக்கு எரிந்தது. திரையில் நாங்கள் மூன்று பேரும் தெரிந்தோம். பளிச்சென்று, அக்காவின் மூக்குத்தி வரைக்கும்.

அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் தெரியுது,” என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் குழந்தையை என் தோளுக்கு மாற்றினார். “வுடுமா. உன் வேல அப்டி.”

அவர் போய்த் தரையைத் துடைக்கத் துணி எடுத்துவந்தார்.