கசாப்பு விசாவில் போன கணக்கப்பிள்ளை

கொச்சி மட்டாஞ்சேரியில் நான் கணக்கு எழுதிவந்த மிளகுக் கிடங்கை எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில் மூடிவிட்டார்கள். அப்போது நானும் என் மனைவியும் அண்ணா வீட்டில் இருந்தோம். பதினொரு பேர், இரண்டு அறைகள், ஒரு சமையலறை. அந்த அடுப்பு என் மனைவியின் கைக்கு வருவது எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. நாங்கள் இருவர் மட்டும் இருக்க ஓர் இடம், அதில் அவளுக்கென்று ஓர் அடுப்பு.

"அது எந்த ஊர்ல இருந்தாலும் சரிதான்னா. அடுப்புக்கு ஊர் பேர் தெரியவா போறது?" என்றாள்.

மட்டாஞ்சேரியில் வேறு வேலை கிடைக்கவில்லை. அக்கம்பக்கத்தில் வேலை போனவர்கள் எல்லோரும் செய்ததை நானும் செய்தேன். கொச்சங்காடியில் அரிசி மண்டிக்கு மேலே இருந்த வளைகுடா விசா ஏஜெண்டிடம் போனேன்.

அவர் விசா வகைகளைச் சொல்லச் சொல்ல நான் விரலை மடக்கிக்கொண்டு வந்தேன். கம்பெனி விசா, வீட்டு வேலை விசா, குடும்ப விசா, விசிட் விசா, ஃப்ரீ விசா. ஐந்தாவது விரலில் நிறுத்தி, "ஃப்ரீ விசா என்றால் இனாமா?" என்று கேட்டேன். அறையில் இருந்த ஏழு பேரும் சிரித்தார்கள். இருப்பதிலேயே விலை கூடியது அதுதானாம்.

"சாமி, உங்களுக்கு கம்பெனி விசா உண்டு," என்றார் ஏஜெண்ட், மலையாளம் கலந்த தமிழில். "அங்க ஒரு அரபிக்கு எறச்சிக்கடை. ஆடு வெட்ட ஒராளு, கணக்கெழுத ஒராளு. வெட்ட ஆளு கிட்டியாச்சு."

"இறைச்சிக்கடையா?"

"சாமி எறச்சி திங்கண்டா. எழுதினா மதி, அதே போதும்."

வெட்டக் கிடைத்த ஆள் எங்கள் தெருக்கோடியில் கசாப்புக்கடை வைத்திருந்த ராவுத்தர். அந்தக் கடை கண்ணில் படாமலிருக்க வருடக்கணக்கில் சுற்றுவழியாகக் கிடங்குக்குப் போய்வந்தவன் நான். ஏஜெண்ட் எங்கள் இருவரின் படங்களையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார். இடப்பக்கம் நான், வலப்பக்கம் ராவுத்தர். கீழே ஒரே வரியில் 'கணக்கர், கசாப்புக்காரர்' என்று ஆங்கிலத்தில் அடித்து அனுப்பினார். பசை காயுமுன் படம் நழுவிவிடுமோ என்றுதான் எனக்கு அன்று கவலை. வேறு எது நழுவும் என்று தோன்றவில்லை.

விசாக்கள் வந்தன. இரண்டு தாள், முழுவதும் அரபி. பக்கத்து மதரசாவிலிருந்து உஸ்தாதை அழைத்து வந்தார்கள். "வாசிக்கத் தெரியும், அர்த்தம் தெரியாது" என்று அந்த நல்ல மனிதர் முதலிலேயே சொன்னார். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் ராகமாக வாசித்தார். நாங்கள் எழுந்து நின்று கேட்டோம். ராவுத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் கைகூப்பினேன்.

என் தாளை அம்மா வாங்கிப் பூஜை அறையில் வைத்து, நான்கு மூலையிலும் சந்தனம் தடவினாள். தினம் இரண்டு வேளை அதற்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினாள்.

பிறகு எறணாகுளத்திலிருந்து அதன் மொழிபெயர்ப்பு வந்தது. என் பெயருக்கு நேரே கசாப்புக்காரர். ராவுத்தர் பெயருக்கு நேரே கணக்கர்.

ஏஜெண்ட் தான் அனுப்பிய தாளின் நகலை எடுத்து வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்தார். "அவங்க வலத்துலேர்ந்தல்லே வாசிப்பாங்க! அந்த வரிய அரபியாக்கினப்போ கணக்கு வலப்பக்கம் போச்சு. ராவுத்தர் படத்துக்குக் கீழ."

"திருத்தச் சொல்லுங்கள்."

"திருத்தச் சொன்னா ரெண்டையும் ரத்தாக்குவாங்க. அங்க போய் மாத்திக்கலாம் சாமி. ஒண்ணும் பயப்படண்டா. அரபியோட மானேஜர் மட்டும் இங்க வந்து ஆளப் பார்ப்பார். அதுல ஜெயிச்சா மதி."

வீட்டில் சொன்னேன். அம்மா வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். "ஆடு வெட்டற காயிதத்துக்காடா நான் கற்பூரம் காட்டினேன்?"

"எடுத்துடட்டுமா அம்மா?"

அம்மா யோசித்தாள். "எடுத்தா விசா போயிடுத்துன்னா? இருக்கட்டும். திருப்பி வை." அன்று முதல் தாள் சுவரைப் பார்த்து நின்றது. கற்பூரம் அதன் முதுகுக்கு.

மானேஜர் வருவதற்குள் நாங்கள் ஒருவர் தொழிலை ஒருவர் கற்கவேண்டியிருந்தது. மண்டியின் மொட்டைமாடியில் பாடம். என் மனைவி ஒரு பெரிய பலாப்பழத்தைக் கொடுத்தனுப்பினாள். ராவுத்தர் அதை மல்லாத்திப் போட்டு, "சாமி, இது தொடை. இது விலா. இங்க கத்தி வைக்கணும்," என்று காட்டினார். மூன்று வெட்டில் கத்தி பிசினில் ஒட்டிக்கொண்டது.

"ஆட்டுக்கும் இப்படிப் பிசின் வருமா?" என்று கேட்டேன்.

"பிசின் இல்ல சாமி. ரத்தந்தான்."

நான் கத்தியை அவரிடமே கொடுத்தேன். பிறகு என் முறை. பேரேட்டைத் திறந்து, பற்று இடப்பக்கம், வரவு வலப்பக்கம் என்று ஆரம்பித்தேன்.

ராவுத்தர் பேரேட்டை மூடிவிட்டார். "இடம் வலம்னு மட்டும் சொல்லாதீங்க சாமி. நம்ம ரெண்டு பேருக்கும் அதுலதான் கெரகம் புடிச்சது."

மானேஜர் எறணாகுளத்தில் ஒரு லாட்ஜில் தங்கினார். நான் வெட்டிக் காட்டுவதற்கென்று ஏஜெண்ட் அரை ஆட்டைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். ஆனால் அது சைவ லாட்ஜ். ஆட்டை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நான் அந்த லாட்ஜ்காரரை இன்றும் வாழ்த்துகிறேன். மானேஜர் வெறும் கேள்வியோடு நிறுத்திக்கொண்டார்.

"ஓர் ஆட்டில் எலும்பு எவ்வளவு போகும்?"

எனக்கென்ன தெரியும்? "வெட்டுமுன் ஒரு எடை, வெட்டிய பின் ஒரு எடை. வித்தியாசத்தை அன்றன்றே எழுதிக் கையெழுத்து வாங்கவேண்டும்," என்றேன்.

மானேஜர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "இருபது கசாப்புக்காரர்களைப் பார்த்துவிட்டேன். இப்படி ஒரு யோக்கியனைப் பார்த்ததில்லை."

அடுத்து ராவுத்தர். சட்டைப்பையில் நான்கு பேனாக்களோடு வந்திருந்தார். ஒன்று போதும் என்று நான் சொல்லியிருந்தேன். "கணக்கு ஒத்துவரவில்லை, முதலாளி கேட்கிறார். என்ன செய்வாய்?" என்று கேட்டார் மானேஜர்.

"கடை மூடியாச்சு, நாளைக்கு வாங்கன்னு சொல்லுவேன்."

"அனுபவம் உள்ள ஆள்," என்றார் மானேஜர்.

இருவரும் போய்ச் சேர்ந்தோம். முதல் நாள் காலையிலேயே கத்தியும் பேரேடும் கை மாறின. கடை ஒழுங்காக நடந்ததால் அரபி ஒன்றும் கேட்கவில்லை. ஓர் அறையில் ஆறு பேராகப் படுத்தோம். ஒரு வருடம் ஆனதும் மனைவியை அழைத்துக்கொள்ளக் குடும்ப விசாவுக்கு எழுதிக்கொடுத்தேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் என் காகிதத்தைத் திருப்பித் தள்ளினார்.

"கசாப்புக்காரருக்குக் குடும்ப விசா கிடையாது. கணக்கருக்கு உண்டு."

"நான் கணக்கர்தான்."

"அப்படியானால் கசாப்பு விசாவில் எப்படி வந்தாய்?"

நான் கணக்கர் என்ற பேச்சை அத்தோடு விட்டேன். தலைமைக் கசாப்புக்காரர் ஆனால் உண்டா என்று மட்டும் கேட்டேன். இல்லை.

ராவுத்தருக்குக் கேட்டவுடன் கிடைத்தது. மனைவி வந்தாள், குழந்தைகள் வந்தார்கள். கணக்கர் என்பதால் இரண்டு அறையும் பால்கனியும் உள்ள வீடும் கிடைத்தது. கடையில் ஆட்டை மாட்டிக்கொண்டே அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அது உங்க வீடு சாமி. நான் உங்க வீட்ல இருக்கேன். ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது."

எனக்கும் வரவில்லை. விசா ஐந்து வகை, ஐந்திலும் நமக்கு இடமில்லை என்று மனைவிக்கு எழுதினேன். பதில் இரண்டே வரி: 'இரண்டாவது வகையைப் பார்த்தேளா? கணக்கருக்கு வீட்டு வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ள உரிமை உண்டா என்று விசாரியுங்கோ.'

உரிமை இருந்தது. ராவுத்தர் வீட்டுச் சமையல்காரி என்று என் மனைவிக்கு விசா எடுத்தோம். நான் பயந்தது அம்மாவுக்குத்தான். மனைவி அம்மாவிடம், வீட்டு விசா கிடைத்திருக்கிறது என்று மட்டும் சொன்னாளாம். பிள்ளைக்கு அங்கே வீடு கொடுத்துவிட்டார்கள் என்று அம்மா தெருவெங்கும் சொல்லிவிட்டாள்.

கிளம்புமுன் என் மனைவி எமிக்ரேஷன் ஆபீசில் ஓர் அதிகாரியின் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது. நடந்ததை அவளே பிறகு எனக்குச் சொன்னாள். பேசவேண்டியதைப் பன்னிரண்டு பதில்களாக எழுதி நான் அனுப்பியிருந்தேன். அதில் ஒன்றைக்கூட அவள் சொல்லவில்லை.

அதிகாரி அவளுடைய மூக்குத்தியையும் மடிசாரையும் பார்த்தார். "அய்யர் வீட்டு அம்மியாரல்லே? ராவுத்தர் வீட்ல சமையலா? எறச்சி வைக்கத் தெரியுமோ?"

"எனக்குத் தெரியாது. அதுக்கு ஆள் இருக்கார்."

"ஆரு?"

"எங்காத்துக்காரர். அங்க கசாப்புக்காரரா இருக்கார்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அவள் என் விசா நகலை எடுத்து நீட்டினாள். அவர் அதை இரண்டு குமாஸ்தாக்களைக் கூப்பிட்டுக் காட்டினார். மூவரும் தாளைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், மறுபடி தாளைப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. முத்திரை குத்திவிட்டார்.

அவள் வந்து சேர்வதற்குள் ராவுத்தர் பால்கனியைப் பலகையால் அடைத்து, பின்னறையோடு சேர்த்து எங்களுக்கு விட்டிருந்தார். மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்று, பாத்திரம் ஆறு, புதிய வாளி இரண்டு. அவள் எல்லாவற்றையும் கழுவினாள். ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். ஏதாவது குறையிருக்கிறதா என்று கேட்க ராவுத்தர் வாசற்படி வரை வந்து நின்றார். காகிதப்படி அவர் எஜமானர்.

"செருப்பக் கழட்டிட்டு அங்கயே நில்லுங்கோ," என்றாள் சமையல்காரி. "இது என் அடுக்களை. ரசம் ஆனதும் நான் கூப்பிடறேன்."

"சரி அம்மா," என்று ராவுத்தர் செருப்பைக் கழற்றினார். நானும் கழற்றினேன்.