தாதரில் உடைந்த எண்

மும்பை லோக்கலின் சென்ட்ரல் லைனில் ஷ்யாமளாவை வகுக்க ஓர் எண் இன்னும் பிறக்கவில்லை. லைன் முழுக்க என்பது கொஞ்சம் மிகைதான். டோம்பிவிலியில் கிளம்பி எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் காலை ஸ்லோ வண்டியில், பெண்கள் பெட்டியின் ஒரு மூலையில் என்று குறைத்துக்கொள்ளலாம்.

அந்த மூலையில் ஒரு வழக்கம். யாருக்காவது பிறந்தநாள் என்றால் பேடா உண்டு. பிறகு அவள் பிறந்த தேதி, மாதம், வருஷத்தை ஒட்டி எழுதி, அந்த எட்டு இலக்க எண்ணை எல்லாரும் சேர்ந்து உடைப்பார்கள். ஸ்டேஷனுக்கு ஒரு பகா எண். கோப்பர் வருவதற்குள் இரண்டால், திவாவுக்குள் மூன்றால், மும்ப்ராவுக்குள் ஐந்தால் என்று வகுத்துக்கொண்டே போனால் மாட்டுங்காவில் நாற்பத்தேழு. அங்கே கூட்டம் மொத்தமும் இறங்கிவிடும், ஹபீபா ஒருத்தியைத் தவிர. அவள் ஆபீஸ் அடுத்த ஸ்டேஷனான தாதரில். மாட்டுங்கா வரை எதற்கும் வகுபடாத எண் பகா எண் என்று தீர்ப்பாகிவிடும். எண்ணுக்கு உரியவளுக்கு ஜன்னல் சீட்.

உண்மையில் ஷ்யாமளாவின் எண்ணை மூவாயிரத்துச் சொச்சம் வரை வகுத்துப் பார்த்தால்தான் நிச்சயம். எம்.எஸ்ஸி. படித்த அவளுக்கு இது தெரியாததல்ல. அதற்கு வண்டி கன்னியாகுமரி வரை போகவேண்டியிருக்கும் என்று வாயைத் திறக்காமல், 11011969 என்ற தன் எண்ணின் தயவில் பல வருஷமாக ஜன்னலோரக் காற்று வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஜூலையில், புதிதாகச் சேர்ந்த ஸ்மிதாவின் முறை வந்தது. 18071993. தாணே வரை ஷ்யாமளாவுக்குக் கவலையில்லை. காட்கோபர் தாண்டியதும் வாயிலிருந்த பேடா கசந்தது. சயானிலும் மீதி, மாட்டுங்காவிலும் மீதி. ஆளாளுக்கு ஸ்மிதாவைக் கட்டிக்கொண்டார்கள். இனி ஜன்னல் இருவருக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று முடிவாயிற்று. அதைக்கூடத் தாங்கியிருப்பாள்.

"ஆன்ட்டி, டெய்லி நீங்களே உக்காருங்கோ. உங்களுக்குத்தான் மூட்டு வலியாச்சே" என்றாள் ஸ்மிதா.

அந்தப் பெருந்தன்மைதான் சுட்டது. தாதரில் புடவைக்கு ஃபால்ஸ் வாங்கணும் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஷ்யாமளா மாட்டுங்காவில் இறங்காமல் உட்கார்ந்துவிட்டாள். பேடா டப்பாவின் பின்புறத்தில் அடுத்த பகா எண்ணால், ஐம்பத்து மூன்றால், வகுத்தாள். மீதி இல்லை. ஆபீசில் பிரமோஷன் வந்த அன்றுகூட அவள் அப்படிச் சிரித்ததில்லை. எதிரே இருந்த ஹபீபா டப்பாவைப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தாள்.

மறுநாள் ஸ்மிதாவின் ஜன்னல் நாள். ஷ்யாமளா உட்காரக்கூட இல்லை.

"உன் நம்பர் உடைஞ்சுடுத்துடீ. அம்பத்து மூணு. தாதர் வரைக்கும் போய்ப் பாத்துட்டேன்."

ஸ்மிதாவின் முகம் சுருங்கிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஷ்யாமளா புடவையைச் சரிசெய்துகொண்டு ஜன்னலை நோக்கி நகர்ந்தாள்.

மடியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த ஹபீபா தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"மாமி, நான் நெதமும் தாதர்லதான எறங்குதேன். ஒங்க நம்பரும் அங்கதான் ஒடஞ்சிது. அதே அம்பத்து மூணுதான். ஜன்னலு ஒங்களுக்குப் புடிக்குமேன்னு இத்தன வருசம் சொல்லாம இருந்தேன்."